குழாய் வினைகலனைக் கணினியில் உருவகப்படுத்தும் முறை

நீண்ட குழாய் ஒன்றில் ஒரு கரைசல் ஓடிக்கொண்டே வினைபுரிகிறது. மறுமுனையை அடையும்போது அதில் எத்தனை விழுக்காடு மாறியிருக்கும், உள்ளே அனுப்பும் செறிவை மாற்றினால் வெளிவரும் செறிவு நிலைபெற எவ்வளவு நேரமாகும் என்பவற்றைக் குழாயை வாங்கிப் பொருத்துவதற்கு முன்பே கணக்கிட்டு அறியலாம். அந்தக் கணக்கை, முதல் மதிப்பீட்டிலிருந்து இறுதிச் சரிபார்ப்பு வரை, ஒரே எடுத்துக்காட்டைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. வாசகருக்கு வகைநுண்கணிதமும் பைத்தான் போன்ற ஒரு நிரல்மொழியும் ஓரளவு பழக்கம் என்று கொள்கிறேன்.

எடுத்துக்கொள்ளும் வினை, அசிட்டிக் அன்ஹைட்ரைடு நீருடன் வினைபுரிந்து அசிட்டிக் அமிலமாக மாறுவது. நீர் மிகுதியாக இருப்பதால் இது அன்ஹைட்ரைடின் செறிவை மட்டும் சார்ந்த முதல்வகை வினையாக நடக்கிறது, வெப்பத்தையும் உமிழ்கிறது. 25 டிகிரி செல்சியசில் வினைவேக மாறிலி விநாடிக்கு ஏறத்தாழ 0.0027, வெப்பநிலையோடு வேகம் எவ்வளவு கூடும் என்பதைத் தீர்மானிக்கும் கிளர்வு ஆற்றல் மோலுக்கு ஏறத்தாழ 47 கிலோஜூல், வெளியாகும் வெப்பம் மோலுக்கு ஏறத்தாழ 58 கிலோஜூல் என்று வைத்துக்கொள்வோம். வெவ்வேறு அளவீடுகள் இம்மதிப்புகளைச் சுற்றிச் சற்று மாறுபடுகின்றன. அந்த மாறுபாட்டின் விளைவைப் பின்னர் பார்ப்போம். குழாய் துருப்பிடிக்காத எஃகினால் ஆனது. நீளம் 10 மீட்டர், உள்விட்டம் 2 மில்லிமீட்டர். திரவத்தின் சராசரி வேகம் விநாடிக்கு 0.02 மீட்டர். நுழையும் செறிவு லிட்டருக்கு 0.5 மோல். குழாய் முழுவதும் 25 டிகிரி நீர்த்தொட்டியில் மூழ்கியிருக்கிறது.

கணினியைத் தொடும் முன்

நிரல் எழுத உட்காரும் முன், அமைப்பில் நிகழும் ஒவ்வொரு செயலுக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதைத் தாளில் கணக்கிட்டு வைக்க வேண்டும். எந்தச் சமன்பாடு தேவை, எது தேவையில்லை, எந்தத் தீர்வுமுறை பொருந்தும் என்பவை யாவும் இந்தச் சில எண்களிலேயே அடங்கியிருக்கின்றன. இந்தப் படியைத் தாண்டிச் சென்று, வண்ணப் படங்கள் வரைந்து தரும் பெரிய மென்பொருளுக்குள் நேரே நுழைபவர்கள், வந்த விடை சரியா தவறா என்று சொல்லவே வழியில்லாமல் நிற்பதைப் பலமுறை காண நேர்கிறது.

திரவம் குழாயில் தங்கும் நேரம், நீளத்தை வேகத்தால் வகுத்தால், 500 விநாடி. வினை நடக்கும் நேர அளவு, வேக மாறிலியின் தலைகீழ், ஏறத்தாழ 370 விநாடி. முன்னதைப் பின்னதால் வகுத்தால் கிடைக்கும் 1.35 என்பது டாம்கோலர் எண். ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் டாம்கோலர் 1936-இல் முன்வைத்த பரிமாணமற்ற எண்களில் இதுவும் ஒன்று. இது 0.1-க்கும் கீழே இருந்தால் வினை ஏறக்குறைய நடக்கவே இல்லை. 10-க்கும் மேலே இருந்தால் குழாயின் முற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. 1.35 என்பது இடைப்பட்ட நிலை. கவனமான கணக்கு தேவைப்படும் நிலையும் இதுவே.

இந்த எண் ஒன்றைக் கொண்டே விடைக்கு இரு எல்லைகளை வரைந்துவிடலாம். திரவம் முன்பின் கலக்காமல் உருளை போல நகர்ந்தால் மாற்றம் 74.1 விழுக்காடு. மாறாக, முழுவதும் கலந்த ஒரே தொட்டி போல நடந்துகொண்டால் 57.4 விழுக்காடு. கணினி தரும் விடை இவ்விரண்டுக்கும் வெளியே விழுந்தால், நிரலில் பிழை இருக்கிறது என்று உடனே முடிவு செய்யலாம்.

அடுத்தது பரவல். ஓட்டத்தின் உந்தத்தைப் பாகுத்தன்மையோடு ஒப்பிடும் ரெனால்ட்ஸ் எண் 50-ஐக்கூடத் தொடாததால் ஓட்டம் வரிச்சீரானது, அதாவது கொந்தளிப்பின்றி அடுக்கடுக்காக நகர்வது. குழாயின் நடுவில் திரவம் சராசரியைப் போல இருமடங்கு வேகத்தில் ஓடுகிறது, சுவரை ஒட்டி அசையாமல் நிற்கிறது. இந்த வேக வேறுபாட்டினால் கரைபொருள் நீளவாக்கில் இழுபட்டுப் பரவுகிறது. 1953-இல் ஜி. ஐ. டெய்லர் இதற்கு எளிய சூத்திரம் ஒன்றைத் தந்தார். 1956-இல் ரூதர்ஃபோர்டு ஆரிஸ் அதை விரிவுபடுத்தினார். விட்டத்தின் வர்க்கத்தை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, மூலக்கூறு விரவல் கெழுவின் 192 மடங்கால் வகுக்க வேண்டும். விரவல் கெழு விநாடிக்கு 10⁻⁹ சதுர மீட்டர் என்றால், அச்சுவழிப் பரவல் கெழு விநாடிக்கு 0.0083 சதுர மீட்டர் என்று வருகிறது. மூலக்கூறு விரவலைப்போல இது 80 லட்சம் மடங்குக்கும் மேல். கையேட்டில் காணும் விரவல் கெழுவை அப்படியே ஒருபரிமாணச் சமன்பாட்டில் இடுவது எவ்வளவு பெரிய தவறு என்பது இதிலிருந்து தெரியும்.

ஆனால் டெய்லரின் சூத்திரம் எல்லாக் குழாய்களுக்கும் பொருந்திவிடாது. குழாயின் குறுக்கே உள்ள செறிவு வேறுபாடு விரவலால் சமனாவதற்கு, திரவம் குழாயில் தங்கும் நேரத்துக்குள் போதிய அவகாசம் இருக்க வேண்டும். 2 மில்லிமீட்டர் குழாயில் அதற்கு ஏறத்தாழ 70 விநாடி போதும். 500 விநாடி இருப்பதால் சூத்திரம் பொருந்துகிறது. இதே குழாயின் விட்டம் 10 மில்லிமீட்டர் என்றால் சமனாகும் நேரம் ஏறத்தாழ 1,700 விநாடியாகிவிடும். அப்போது ஒருபரிமாண மாதிரியே பயன்படாது, ஆரத்தின் திசையையும் சேர்த்துத் தீர்க்க வேண்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 10 மீட்டர் குழாயை நேராக நீட்டி வைக்க எவருக்கும் இடம் இருப்பதில்லை. சுருளாகச் சுற்றித்தான் தொட்டியில் இடுவார்கள். வளைவினால் குறுக்கே எழும் சுழலோட்டம் திரவத்தைக் கலக்கிவிடுவதால், உண்மையான பரவல் நேர்க்குழாய்க்கான மதிப்பைவிடக் குறையும். ஆகவே 0.0083 என்பதை மேல்வரம்பாகக் கொள்வதே நேர்மையானது. துல்லியம் வேண்டுமானால் சாயம் அல்லது உப்புக் கரைசலைச் செலுத்தி, வெளிவரும் வளைவை அளந்தறிய வேண்டும்.

கடைசியாக வெப்பம். சுவர் வழியாக வெப்பம் கடத்தும் கெழுவைச் சதுர மீட்டருக்குக் கெல்வினுக்கு 300 வாட் என்று எடுத்துக்கொண்டால், திரவத்தின் வெப்பநிலை தொட்டியோடு சமனாக ஏறத்தாழ 7 விநாடி ஆகிறது. நுழைவாயிலில் வினை உமிழும் வெப்பத்தை இதோடு ஒப்பிட்டால், திரவம் தொட்டியைவிட 0.13 டிகிரி மட்டுமே சூடாக இருக்கும். எனவே ஆற்றல் சமன்பாட்டை இந்தக் குழாய்க்கு விட்டுவிடலாம். தேவையற்ற சமன்பாட்டை இப்படிக் காரணம் காட்டி நீக்குவதும் உருவகப்படுத்தலின் ஒரு பகுதியே.

சமன்பாடும் எல்லைகளும்

எஞ்சியிருப்பது ஒரே நிறைச் சமநிலை. குழாயின் ஒரு சிறு துண்டில் செறிவு மாறும் வேகம் மூன்று உறுப்புகளின் கூட்டுத்தொகை: ஓட்டம் கொண்டுவந்து கொண்டுபோவது, பரவல் கொண்டுவந்து கொண்டுபோவது, வினை தின்பது. முதலாவதில் செறிவின் முதல் வகைக்கெழுவும், இரண்டாவதில் இரண்டாம் வகைக்கெழுவும், மூன்றாவதில் வேக மாறிலியும் செறிவும் இடம்பெறுகின்றன.

சமன்பாட்டைவிட அதன் எல்லை நிபந்தனைகளில்தான் பிழைகள் மிகுதியாக நுழைகின்றன. நுழைவாயிலில் செறிவு லிட்டருக்கு 0.5 மோல் என்று நேரடியாக நிறுத்திவிடுவது இயல்பாகத் தோன்றும், அது தவறு. பம்பு நமக்கு உறுதியளிப்பது நொடிக்கு எத்தனை மோல் உள்ளே வருகிறது என்பதைத்தான். பி. வி. டேங்க்வெர்ட்ஸ் 1953-இல் வெளியிட்ட கட்டுரையால் பரவலாக அறியப்பட்ட நிபந்தனை இதுவே: நுழைவாயிலுக்கு வெளியே ஓட்டம் கொண்டுவரும் அளவும், உள்ளே ஓட்டமும் பரவலும் சேர்ந்து கொண்டுசெல்லும் அளவும் சமமாக இருக்க வேண்டும். வெளிவாயிலில் செறிவின் சரிவு சுழியம். இதன்படி நுழைந்த கணத்திலேயே செறிவு 5 விழுக்காடு அளவுக்குப் படியிறங்குவதைக் காணலாம். உள்ளே வினையால் நீர்த்த திரவத்தோடு பரவல் கலந்துவிடுவதே காரணம். செறிவை 0.5-இல் நிறுத்திவைத்தால், பம்பு தருவதைவிட 5.3 விழுக்காடு கூடுதலான அன்ஹைட்ரைடு கணக்கில் எங்கிருந்தோ வந்து சேர்கிறது. வரைபடம் அழகாகவே இருக்கும். நிறைச் சமநிலையைக் கூட்டிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

குழாயைக் கூறிடுதல்

குழாயை 200 சம அறைகளாகப் பிரிப்போம். ஒவ்வொன்றும் 5 சென்டிமீட்டர். ஒவ்வோர் அறைக்கும் ஒரு சராசரிச் செறிவு. அடுத்தடுத்த அறைகளுக்கு இடையிலுள்ள முகத்தைக் கடக்கும் பாய்வைக் கணக்கிட்டு, ஓர் அறையிலிருந்து கழித்ததை அடுத்த அறையில் அப்படியே கூட்ட வேண்டும். இந்த வரையறுத்த கன அளவு முறையில் கணக்கு வழுவினால்கூடப் பொருள் காணாமல் போவதில்லை என்பதே அதன் பெரிய நன்மை. மேற்சொன்ன எல்லை நிபந்தனைகளும் இதில் தாமாகவே பொருந்துகின்றன: முதல் முகத்தின் பாய்வு, பம்பு தரும் வேகமும் நுழைசெறிவும் பெருக்கிய தொகை, கடைசி முகத்தின் பாய்வு, வேகமும் கடைசி அறையின் செறிவும் பெருக்கிய தொகை. வேறு எதையும் திணிக்கத் தேவையில்லை.

உள்முகங்களில் ஓட்டத்தோடு வரும் செறிவு எது என்ற கேள்விக்கு இரு வழக்கமான விடைகள் உண்டு. ஓட்டம் எந்த அறையிலிருந்து வருகிறதோ அந்த அறையின் செறிவை எடுப்பது மேலோட்ட முறை. இரு பக்கத்துச் செறிவுகளின் சராசரியை எடுப்பது மைய முறை. மேலோட்ட முறையில் விடை ஒருபோதும் அலைபாயாது. ஆனால் அது இல்லாத பரவலைத் தானாகவே சேர்த்துவிடுகிறது. அப்படிச் சேரும் பொய்ப் பரவலின் அளவு, வேகத்தை அறையின் நீளத்தால் பெருக்கி இரண்டால் வகுத்ததற்குச் சமம். 200 அறைகளில் அது உண்மைப் பரவலின் 6 விழுக்காடு. 20 அறைகளில் 60 விழுக்காடு. மைய முறையில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வேகத்தை அறை நீளத்தால் பெருக்கிப் பரவல் கெழுவால் வகுத்த எண் 2-ஐத் தாண்டினால், செறிவு மேலும் கீழுமாகத் துள்ளி, சில இடங்களில் எதிர்மதிப்பாகக்கூட மாறும். நம் குழாயில் அந்த எண் 0.12 என்பதால் மைய முறையே சிறந்தது. பரவல் மிகக் குறைந்த அமைப்புகளில் இந்தத் தேர்வு இவ்வளவு எளிதாக அமையாது. அங்கே சரிவைப் பார்த்து இரண்டுக்கும் இடையே மாறிக்கொள்ளும் வரம்பிட்ட முறைகளை நாட வேண்டும்.

நேரத்தில் முன்னேறுதல்

இப்போது 200 செறிவுகள், 200 சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகள். இப்போதைய செறிவுகளை மட்டும் கொண்டு அடுத்த கணத்தின் செறிவுகளைக் கணக்கிடும் வெளிப்படை ஆய்லர் முறையில் முன்னேறினால் ஒரு படியின் நீளத்துக்கு வரம்பு உண்டு. ஓட்டம் அனுமதிப்பது 2.5 விநாடி, பரவல் அனுமதிப்பது 0.15 விநாடி. இரண்டில் சிறியதற்கே அடங்க வேண்டும். அறைகளை இருமடங்காக்கினால் முதல் வரம்பு பாதியாகும், இரண்டாவது கால்பங்காகும். எனவே அறைகள் கூடக் கூட, அடுத்த கணத்தின் செறிவுகளையும் சமன்பாட்டில் சேர்த்தே தீர்க்கும் உள்ளார்ந்த முறைகளே வசதியானவை. பைத்தானின் சைபை நூலகத்தில் உள்ள ‘சால்வ் ஐவிபி’ என்னும் செயற்கூற்றில் ‘பிடிஎஃப்’ அல்லது ‘ராடாவ்’ என்னும் உள்ளார்ந்த முறையைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வோர் அறையும் தன் இரு அண்டை அறைகளை மட்டுமே சார்ந்தது என்ற விவரத்தையும் கொடுத்துவிட்டால், கணக்கு நொடிப்பொழுதில் முடியும்.

அந்தச் செயற்கூறு தானாக எடுத்துக்கொள்ளும் சார்புப் பிழை வரம்பு ஆயிரத்தில் ஒன்று. செறிவின் அளவைப் பொருட்படுத்தாத தனிப் பிழை வரம்பு பத்து லட்சத்தில் ஒன்று. பின்னது அலகைச் சார்ந்தது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. செறிவைக் கன மீட்டருக்கு 500 மோல் என்று எழுதினால் அந்த வரம்பு மிகக் கடுமையானது, லிட்டருக்கு 0.5 மோல் என்று எழுதினால் அவ்வளவு கடுமையில்லை. எரிதலில் தோன்றும் தனியுறுப்புகள் (இணையற்ற எலக்ட்ரான் கொண்ட, எளிதில் வினைபுரியும் துகள்கள்) போல லிட்டருக்கு 10⁻¹⁰ மோல் அளவிலேயே வாழும் பொருள் ஒன்று கணக்கில் இருந்தால், அதன் செறிவு முழுவதுமே பிழை வரம்புக்குள் மறைந்துபோகும். தீர்வுமுறை அதைப் பொருட்படுத்தவே செய்யாது. ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் அதன் எதிர்பார்க்கும் செறிவைவிடச் சில ஆயிரம் மடங்கு சிறிய வரம்பைத் தனித்தனியே கொடுப்பது நல்லது.

பல வினைகள் சேரும்போது நேர அளவுகளும் பெரிதும் விலகிப் போகின்றன. 1952-இல் கர்ட்டிஸும் ஹிர்ஷ்ஃபெல்டரும் ‘விறைப்பான’ சமன்பாடுகள் என்று அழைத்தது இத்தகையவற்றையே. இதைச் சோதிக்க 1966-இல் ராபர்ட்சன் தந்த மூன்று வினைக் கணக்கு இன்றும் பயன்படுகிறது. அதில் வேக மாறிலிகள் 0.04, 10,000, 3 கோடி. அதை ‘ஆர்கே45’ என்னும் வெளிப்படை முறையில் ஒருமுறையும் ‘பிடிஎஃப்’ முறையில் ஒருமுறையும் ஓட்டி, எடுத்த படிகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டால் விறைப்பு என்பதன் பொருள் எந்த விளக்கத்தைவிடவும் தெளிவாகப் புரியும். இயற்கை எரிவாயுவின் எரிதலுக்கான ஜிஆர்ஐ-மெக் 3.0 தொகுப்பில் 53 பொருள்களும் 325 வினைகளும் உள்ளன. அந்த அளவுக்குச் சென்றால் வினைகளைக் கையால் எழுதாமல் கான்டெரா போன்ற கட்டற்ற நூலகத்திடம் விட்டுவிடுவதே முறை. ஆலை முழுவதற்குமான நிறை, ஆற்றல் கணக்குகளுக்கு டிடபிள்யூசிம் உண்டு. குழாயின் உள்ளே முப்பரிமாண ஓட்டத்துக்கு ஓப்பன்ஃபோம் உண்டு. இவ்விரண்டையும் மும்பை ஐஐடியின் ஃபாஸ்ஸி திட்டம் இந்தியக் கல்லூரிகளில் பரப்பி வருகிறது.

சரிபார்ப்பு

நம் எடுத்துக்காட்டுக்கு நிலைபெற்ற நிலையில் சூத்திரமாகவே எழுதக்கூடிய சரியான பகுமுறைத் தீர்வு இருக்கிறது. இதைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். வேகத்தை நீளத்தால் பெருக்கிப் பரவல் கெழுவால் வகுத்த பெக்லே எண் இங்கே 24. அதையும் டாம்கோலர் எண் 1.35-ஐயும் டேங்க்வெர்ட்ஸ் நிபந்தனைகளோடு தீர்த்தால் மாற்றம் 72.3 விழுக்காடு. மைய முறையில் 200 அறைகளோடு நிரல் இந்த எண்ணைத் தரவேண்டும். மேலோட்ட முறை ஏறத்தாழ 72.2 தரும்.

ஒரு விடை பொருந்திவிட்டதாலேயே நிறைவடையக் கூடாது. மேலோட்ட முறையில் வெறும் 20 அறைகளை வைத்தாலும் 71.4 விழுக்காடு கிடைக்கும். பரவலில் 60 விழுக்காடு பிழை இருந்தும் இறுதி மாற்றத்தில் ஒரு விழுக்காடுகூட விலகல் இல்லை. முதல்வகை வினையில், அதுவும் இத்தகைய டாம்கோலர் எண்ணில், மாற்றம் பரவலை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. பரவல் சரியாகக் கையாளப்பட்டிருக்கிறதா என்பதை அறிய, வேக மாறிலியைச் சுழியமாக்கி, நுழைசெறிவைத் திடீரென உயர்த்தி, வெளிவாயிலில் செறிவு நேரத்தோடு எழும்பும் வளைவைப் பார்க்க வேண்டும். அந்த வளைவு 500 விநாடியைச் சுற்றி எவ்வளவு அகலமாக விரிகிறது என்பதில் பொய்ப் பரவல் மறைந்துகொள்ள முடியாது.

பிறகு அறைகளை 100, 200, 400 என்று மாற்றி ஓட்ட வேண்டும். அறைகளை இருமடங்காக்கும்போது பிழை மேலோட்ட முறையில் பாதியாகவும், மைய முறையில் கால்பங்காகவும் குறைய வேண்டும். அப்படிக் குறையவில்லையெனில், விடை சரியாகத் தோன்றினாலும் நிரலில் எங்கோ பிழை இருக்கிறது. பெரும்பாலும் எல்லை முகங்களில் இருக்கும். நிறைக் கணக்கையும் ஒவ்வொரு முறையும் அச்சிட வேண்டும்: உள்ளே வந்தது, வெளியே போனது, வினையில் கழிந்தது, குழாயில் தங்கியது.

வெப்பத்தை விட்டுவிட முடியாத இடம்

2 மில்லிமீட்டர் குழாயில் ஒரு கன மீட்டர் திரவத்துக்கு 2,000 சதுர மீட்டர் சுவர் கிடைக்கிறது. ஒரு மீட்டர் விட்டமுள்ள கலத்தில் கிடைப்பது வெறும் 4 சதுர மீட்டர். அங்கே ஆற்றல் சமன்பாட்டைச் சேர்த்தே ஆகவேண்டும். வெப்பம் சிறிதும் வெளியேறாவிட்டால் நம் கரைசல் ஏறத்தாழ 7 டிகிரி உயரும். வினைவேக மாறிலி ஒன்றரை மடங்காகும். இது ஆபத்தற்ற அளவு. செறிவு பல மடங்கு கூடினாலோ, வினையின் வெப்பம் மிகுந்தாலோ, வெப்பநிலை வேகத்தைக் கூட்டவும் வேகம் வெப்பநிலையைக் கூட்டவும் தொடங்கிவிடும். வெப்பநிலையோடு வினைவேகம் மாறுவதைத் தரும் அர்ரீனியஸ் சமன்பாடு அடுக்குக்குறி வடிவில் இருப்பதால் அந்த ஏற்றம் கைமீறிப் போவது மிக விரைவாக நிகழ்கிறது. இத்தகைய கணக்கில் குளிர்விப்பு பாதியில் நின்றுபோனால் என்னவாகும் என்பதையும் கட்டாயம் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அப்போதும் கணினிக்கு நாம் கொடுத்த வினைகள் மட்டுமே தெரியும். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஜாக்சன்வில் நகரிலுள்ள டி2 லேபரட்டரீஸ் ஆலையில் 2007 டிசம்பர் 19 அன்று வினைகலன் ஒன்று வெடித்து நான்கு பேர் இறந்தனர். குளிர்விப்புத் தடைப்பட்டு வெப்பநிலை உயர்ந்தபோது, திட்டமிட்ட வினைக்கு அப்பால், சோடியம் உலோகம் டைகிளைம் என்னும் கரைப்பானோடு வினைபுரியத் தொடங்கியதை அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை கண்டறிந்தது. முதல் வினையை மட்டும் எழுதிய எந்த உருவகமும், அறைகளை எத்தனை லட்சமாகப் பிரித்தாலும், இரண்டாவதைக் காட்டாது. ஆகவே உயர் வெப்பநிலை வரை கலவையை, வெளியாகும் வெப்பத்தை அளக்கும் கலோரிமானியில் சூடாக்கிப் பார்த்த பின்னரே வினைப் பட்டியலை முடிவு செய்ய வேண்டும்.

விடையை எப்படி எழுதுவது

அறிக்கையில் 72.31 விழுக்காடு என்று இரண்டு தசம இலக்கம் எழுதத் தோன்றும். எழுதும் முன் உள்ளீடுகளை அசைத்துப் பார்க்க வேண்டும். வினைவேக மாறிலியை 10 விழுக்காடு குறைத்தால் மாற்றம் 68.7, 10 விழுக்காடு கூட்டினால் 75.5. நீர்த்தொட்டியின் வெப்பமானி ஒரு டிகிரி பிழையாகக் காட்டினாலே மாறிலி 6 விழுக்காட்டுக்கும் சற்று மேல் மாறிவிடும். 200 அறைகளுக்கும் 400 அறைகளுக்கும் இடையிலான வேறுபாடு இவற்றின் அருகில்கூட வராது. எனவே இந்தக் குழாய்க்குப் பொருத்தமான விடை, ஏறத்தாழ 69 முதல் 76 விழுக்காடு வரை என்பதே. இந்த இடைவெளி போதாது என்று கேட்டவர் சொன்னால், அடுத்த வேலை அறைகளைக் கூட்டுவதில்லை. பயன்படுத்தப்போகும் அதே கரைசலில், சரிபார்த்த வெப்பமானியோடு, வேக மாறிலியை அளப்பதே.